சசிகரன் தம்பி கேட்ட கேள்வி

மருதமுனை
14.09.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பொஞ்சாதி றபீக்கா எழுதுகிறேன். அல்லாஹ்வின் உதவியால் இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். நீங்கள் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "ஓம், ஓம்" என்று இரண்டு ஓம் போட்டு முடித்துவிடுவீர்கள்.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன பிடித்தது, கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் இந்தக் கதையை எடுத்தால் "லைன் இழுக்குது" என்று வெட்டிவிடுகிறீர்கள். காகிதத்தை வெட்ட ஏலாது. கிழிக்கலாம். ஆனால் வாசிக்காமல் கிழிக்க மாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியும். நற்பிட்டிமுனை றிஸ்வான் லீவு முடிந்து நாளைக்குக் கட்டாருக்குத் திரும்புகிறார். உங்களுக்குக் கருவாடும் தேங்காய்ப்பூ மிட்டாயும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் மிட்டாய்ப் பெட்டிக்கு மேலே இருக்கும். முதலில் மிட்டாயைத் தின்றுவிட்டு வாசியுங்கள், கோபம் குறையும்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போனவள். நீங்கள் எட்டு வரைக்கும் படித்த பெரிய பண்டிதர். கலியாணம் முடித்த புதிதில் நான் எழுதின கடிதத்தைச் சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்பின ஆள். அந்தக் கடிதத்தில் நான் எழுதியிருந்தது ஆசையாக நாலு வார்த்தை. அதற்கும் புள்ளி போட்டீர்கள்.

சரி, புதினத்துக்கு வருகிறேன். வாகனம் வாங்கியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். போனில் படம் பார்த்திருப்பீர்கள். ஏழு பேர் ஏறக்கூடிய ஜப்பான் வண்டி, ஒட்டோ கியர். நீங்கள் வெள்ளை கேட்டீர்கள், கிடைத்தது சாம்பல். வெள்ளைக்கு நம்முடைய மண் ரோட்டுப் புழுதி எப்படி ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் வெள்ளைச் சட்டைகளைத் துவைத்த கை சொல்கிறது, சாம்பல்தான் சரி.

அக்கரைப்பற்றில் வண்டி பார்க்கப் போனபோது நாலு பேர் போனால் போதும் என்று நினைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். உங்கள் கூடப்பிறந்த ராத்தா மைமூனா போகாமல் இருப்பாரா? ஒவ்வொரு சீட்டிலும் ஏறி இருந்து பார்த்தார். பிறகு பொனட்டைத் திறக்கச் சொல்லி, மீன் வாங்கும்போது செவுளைக் கிளப்பிப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். "சிவப்பா ஒண்டையும் காணல்லயே" என்றார். விற்கிறவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி எஞ்சினுக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்கத்தான் அரை மணித்தியாலம். கண்ணாடி எடுத்துக் கொடுத்ததற்கே அவர் விலையில் கொஞ்சம் இறங்கினார் என்று ராத்தா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு யாசீன் ஓதி, பாலும் வாழைப்பழமும் கொடுத்தோம். அடுத்த நாளே பிள்ளைகளுக்குச் சண்டை. பின்கண்ணாடியில் "வாப்பாட வண்டி" என்று ஒட்ட வேண்டும் என்று ஸஹ்றா நிற்கிறாள். அஸ்பாக் தன் பெயரின் முதல் எழுத்தைத் தீப்பிடித்தது போல ஒட்ட வேண்டுமாம். பாட்டுப் பெட்டியும் பெரிதாக வேண்டுமாம். "மாஷா அல்லாஹ் எண்டு ஒட்டிப் போட்டு வாயப் பொத்துங்க ரெண்டு பேரும்" என்று ராத்தா தீர்ப்புச் சொன்னார். அதுதான் ஒட்டியிருக்கிறது. சீட் கவர் கடையில் வாங்கவில்லை. நானே நெய்த துணி, பச்சையும் கறுப்பும் கட்டம். உங்கள் சாரம் மாதிரியே இருக்கிறது என்று அஸ்பாக் பகிடி பண்ணுகிறான். ஏழு சாரம் உடுத்த வண்டி என்று பெயர் வைத்திருக்கிறான்.

இனி மிட்டாயை இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கச் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அஸ்பாக் ஓட்டட்டும், நான் பின்னுக்கு இருந்து வாறன்" என்றீர்கள். நான் ஓம் என்றேன். பொய்க்கு ஓம். இருபத்தொரு வருசமாக அரபிகளின் பொஞ்சாதி பிள்ளைகளையும், பிறகு கம்பனி லொறியில் சாமானையும் ஏற்றி இறக்கினீர்கள். ஒவ்வொரு லீவிலும் வந்து, ஒரு நாளைக்கு என் பிள்ளைகளை என் வண்டியில் ஏற்றி நானே ஓட்டுவேன் என்று சொல்லாத சாப்பாடு இல்லை. அந்த ஆள் பின் சீட்டில் இருந்து வருவதற்கா நான் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன்?

அஸ்பாக் யாரிடமோ விசாரித்து வந்தான். திருக்கோவிலில் சசிகரன் என்று ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். கால் இல்லாதவர்களுக்கு ஆட்டோவும் காரும் மாற்றிக் கொடுப்பதில் பேர் பெற்றவர். சண்டைக் காலத்தில் கால் போன தன் மச்சானுக்கு முதல் வேலை செய்து பழகினாராம். இப்போது பொத்துவிலில் இருந்தும் தேடி வருகிறார்கள். உங்களிடம் சொல்லாமல் செய்து வைத்து, நீங்கள் வரும்போது வண்டித் திறப்பைக் கையில் தருவது என்று எனக்கு எண்ணம். போன செவ்வாய்க்கிழமை அஸ்பாக்கும் ராத்தாவும் நானும் வண்டியைக் கொண்டு போனோம்.

சசிகரன் நல்ல மனிசன். வேப்ப மரத்துக்குக் கீழே கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், நல்ல சாமான் என்றார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார். "அக்கா, அண்ணனுக்கு எந்தக் கால்?"

மச்சான், நான் ராத்தாவைப் பார்த்தேன். அஸ்பாக்கைப் பார்த்தேன்.

எனக்குத் தெரியவில்லை, மச்சான். எட்டு மாசம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு வீடே அழுதது. பள்ளியில் துஆக் கேட்டார்கள். நாற்பது பேருக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தோம். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஜவுபர்ட கால் எப்பிடி?" என்று கேட்டார்கள், நானும் பதில் சொன்னேன். வலதா இடதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் போனில் கழுத்துக்குக் கீழே காட்டுவதில்லை. எட்டு மாசமாக நான் ஒரு பாஸ்போட் படத்தோடு குடும்பம் நடத்துகிறேன்.

நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு ராத்தா, "வலக்கால்" என்றார். அதே நேரம் அஸ்பாக், "இடக்கால்" என்றான். சசிகரன் பென்சிலைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ராத்தாவின் கணக்கு இது: "அவன் எங்க இறங்கினாலும் பிஸ்மி சொல்லி வலக்காலத்தான் முன்னுக்கு வைப்பான். எங்கட வாப்பா அடிச்சிப் பழக்கின பழக்கம். லொறியால இறங்கக்குள்ளதானே மத்த வாகனம் வந்து நெரிச்சது? அப்ப வலக்கால்தான்." அஸ்பாக் விடுவானா? "மாமி, அங்கத்த லொறிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். பிஸ்மி சொன்னாலும் சொல்லாட்டியும் இடக்கால்தான் முதல்ல வெளிய வரும்" என்றான். "என்ட தம்பி இடக்கால முன்னுக்கு வைக்கிற ஆளில்லடா" என்று ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கதிரையை வண்டிக் கதவாக வைத்து, இரண்டு பேரும் பிஸ்மி சொல்லிச் சொல்லி இறங்கிக் காட்டினார்கள். கராஜில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். உங்கள் ராத்தா அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதிரையால் குதித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. சோடாக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சசிகரன் அதைக் கண்டிருப்பார். கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார். "போன கால் எனக்கு என்னத்துக்கு அக்கா? இரிக்கிற கால் எது எண்டு கேட்டுச் சொல்லுங்க. அதுதானே ஓடப் போகுது." வலது கால் இருந்தால் இந்த வண்டியில் ஒரு வேலையும் இல்லையாம், ஒட்டோ கியர் என்றபடியால் அப்படியே ஓட்டலாமாம். இடது கால்தான் இருக்கிறதென்றால் பிரேக்குக்கு இடப்பக்கம் இன்னொரு எக்ஸிலேட்டர் பூட்ட வேண்டுமாம். அஸ்பாக் ஓட்டும்போது அதை மடித்து வைக்கலாமாம். இரண்டு நாள் வேலை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். காரைதீவு தாண்டின பிறகு, "தம்பியப் பெத்த உம்மா இருந்திருந்தா முதல் நாளே கேட்டிருப்பாங்க கா" என்று ராத்தா சொன்னார்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை போனில் கேட்கப் பார்த்தேன். "மச்சான், உங்கட கால்..." என்று தொடங்கினேன். லைன் இழுத்தது. நல்ல லைன் மச்சான் உங்களுடையது, எங்கே இழுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

இன்றைக்குக் காலையில் பார்சலைப் பற்றிக் கதைக்க றிஸ்வான் வந்தார். உங்கள் காம்பில் பக்கத்து அறையில் இருக்கிறவர், ஒவ்வொரு நாளும் உங்களைக் காண்கிறவர். அவருக்குத் தெரியும். அஸ்பாக் வாசலில் வைத்தே கேட்டுவிட்டான். றிஸ்வான் வாயைத் திறக்கப் போனார். "வேணாம் தம்பி, சொல்லாதீங்க" என்று சொல்லித் தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் திணித்தேன். சட்டையெல்லாம் ஊற்றுப்பட்டுவிட்டது, பாவம். என் புருசனின் காலை நான் ஊரானிடம் கேட்டா அறிய வேண்டும்? நீங்கள் சொல்லி அறிந்தால் போதும்.

நோன்புக்கு வருகிறேன் என்றீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்றீர்கள். இப்போது "பாப்பம்" என்கிறீர்கள். ஸ்டோரில் கதிரை வேலை தந்திருக்கிறார்கள், அதை விடக் கூடாது என்று ஏதேதோ சொல்கிறீர்கள். கதிரையில் இருக்கிறதற்குக் கட்டார் வேண்டுமா மச்சான்? நம்முடைய வீட்டில் ஆறு கதிரை சும்மா கிடக்கிறது. இன்னொன்றும் உண்டு. வண்டியை மாற்றினாலும் லைசன்சில் அதை எழுதி எடுக்க வேண்டுமாம். மோட்டார் கந்தோரில் ஆள் நேரில் வந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சசிகரன் சொன்னார். பாஸ்போட் படத்துக்கு லைசன்ஸ் தர மாட்டார்களாம்.

நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவேன் என்றா? உங்களுக்குத் தலை வழுக்கை விழுந்தபோது திருப்பவில்லை. தொந்தி வந்தபோதும் திருப்பவில்லை. அந்தக் குறட்டையோடு படுத்தவள் நான். ஸஹ்றாவும் பயப்பட மாட்டாள். அவள் வாப்பாவுக்கு என்று ஒற்றைக் காலுக்குச் செருப்பு வாங்கலாமா, கடைக்காரர் பாதி விலைக்குத் தருவாரா என்று கேட்கிறாள். உங்கள் வாய்தான் அவளுக்கு. ஏசினேன். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனபடியால் வருகிற வெள்ளிக்கிழமை, இங்கே அஸர் தொழுத பிறகு நான் போன் எடுப்பேன். அங்கே நீங்கள் ஜும்ஆவும் சாப்பாடும் முடித்து இருக்கிற நேரம். பிள்ளைகள் இரண்டு பேரையும் ராத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நான் மட்டும்தான். கடிதம் வேண்டாம், வாயால் சொல்லவும் வேண்டாம். முகத்தைப் பார்த்து அலுத்துவிட்டது, போனைக் கொஞ்சம் கீழே பிடியுங்கள். நான் அழ மாட்டேன். அழுதாலும் வெட்டாதீர்கள். அழுது முடியும் மட்டும் பிடித்துக்கொண்டிருங்கள். அதற்குப் பிறகு சசிகரனுக்குப் போன் எடுத்துச் சொல்வேன்.

ஐந்து நேரமும் "யா அல்லாஹ், அவருடைய காலுக்கு நீயே பொறுப்பு" என்று கேட்கிறேன் மச்சான். எந்தக் கால் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரிய வேண்டும்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து எங்களிடம் சேர்ப்பானாக. இருக்கிறதோடும் இல்லாததோடும் வாருங்கள்.

வெள்ளிக்கிழமை போனுக்குப் பக்கத்தில் இருக்கப்போகும்,
உங்கள் றபீக்கா