செல்வம் காரைக் கொடுக்கப் போகிறானாம்

தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள், ராத்திரி.

ஜாலான் புசாரில் ரயில் விட்ட வருஷம்தான் என் மகன் செல்வம் இந்தக் காரை வாங்கினான். யாரோ ஓட்டிவிட்டு விற்ற சின்னக் கார். முத்தையா மகள் கல்யாணமும் அதே வருஷம்தான். கப்பல் பட்டறைக் கூட்டாளிகள் நாங்கள் நாலு பேரும், முத்தையாவும் சேர்த்துத்தான், முழங்கால் இடிக்க இடிக்க அதில்தான் போனோம்.

இன்றைக்குச் சாப்பிடும்போது சொல்கிறான்: "அப்பா, வண்டிக்குப் பத்து வருஷப் பர்மிட் முடியப்போகுது. கொடுத்துடலாம். ஏர்கான் ஒழுகுது, மாசாமாசம் வொர்க்‌ஷாப். டாக்சியில போய்க்கலாம் லா."

ஒழுகினால் என்ன? காலடியில் நான் துணி போட்டுக்கொள்ளவில்லையா? கிழவன் ஒரு காலை உள்ளே வைத்து, மூச்சு வாங்கி, மறுகாலை வைப்பதற்குள் டாக்சிக்காரன் பத்துத் தடவை திரும்பிப் பார்க்கிறான். செல்வம் அப்படி இல்லை. ரேடியோ கேட்டுக்கொண்டு சும்மா இருப்பான். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அடுத்துச் சொன்னதில்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்க செட்டுதான் எல்லாரும் போயிட்டாங்களே. இனிமே யாரை ஏத்தப் போறோம்?"

எல்லாருமா? முத்தையா போனான், சரி. அந்தோணி போனான், அதுவும் சரி. பக்கவாதம் வந்து ஆறு மாசமாக வண்டியில் ஏறாத நாலாவது ஆளையும் சேர்த்தே எரித்துவிட்டானா இவன்? வாய் குழறினாலும் நேற்று போனில் என்னைக் கேட்டான்: "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகணும்டா, வண்டி வருமா?" வரும் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் செல்வத்திடம் சத்தமாகவே சொல்கிறேன். பாசிர் ரிஸ்ஸில் கோவிந்தசாமி இன்னும் இருக்கிறான்.