பஸ்ஸில் ஓடும் ஸ்கேட்போர்டு

மார்ச் 4

பெரியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை. 'பெரியவர்கள்' என்று நாங்கள் சொல்வது, டிவியில் விளையாடுகிற அந்த ஸ்கேட்போர்டு கேமை வெளியிட்ட கம்பெனியை. அதையே கையில் அடங்குகிற, டப்பா மாதிரி மூடித் திறக்கிற மெஷினுக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் நாலு பேர் வேலை. முப்பது தெரு ஆறு தெருவாயிற்று, பன்னிரண்டு பொத்தான் ஆறாயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஆனால் கட்டெறும்பும் கடிக்க வேண்டும் என்கிறார் முதலாளி.

காரணம் என்று ஒரே வரி: கேம் எங்கேயோ உறைந்து நின்றுவிடுகிறது, கண்டுபிடித்துச் சரிசெய்து இருபத்தெட்டாம் தேதிக்குள் அனுப்புங்கள். எங்கே என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

"இந்தத் தடவையும் திரும்பி வந்தா கடைய மூடிடுவேன்பா. ஒளிச்சுப் பேச ஒண்ணுமில்ல" என்றார் முதலாளி. மூடினால் இந்த ஊரில் எனக்கு வேறு இடம் கிடையாது, வெளியூர்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையை விட்டு வர மாட்டாள், வரவும் கூடாது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் சனி ஞாயிறு மட்டும் புருஷன் பெண்டாட்டியா? நினைக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 6

நாலு பேருக்கும் விளையாடி விளையாடிக் கண் பூத்துவிட்டது. ஒரு மெஷினை அவளிடம் கொடுத்தேன். "பஸ்ல சும்மாதானே உக்காந்திருக்கே, ஆடிப் பாரேன்."

"சும்மா உக்காந்திருக்கேனா? பாதி நாள் தொங்கிக்கிட்டுப் போறேன். என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். ஆனாலும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 7

பழைய எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் ஐந்து குறை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். நாலு குறையே இல்லை. "ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது, ஊரச் சுத்திப் பாக்கவே விட மாட்டேங்குது." தாயே, அது கேம்! குதித்து வித்தை காட்டினால்தான் பாயிண்ட், காற்றில் எத்தனை நொடியோ அத்தனை. இவள் பலகைமேல் ஏறி வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறாள், தேர் பவனி மாதிரி.

ஐந்தாவது நியாயம். பஸ் ஜன்னல் வெயில் பட்டால், கேமில் பலகை சறுக்கிப் போகிற படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பி கண்ணுக்குத் தெரியவில்லையாம். எங்கள் ஆபீசில் படம் வரைகிற பெண்ணிடம் சொன்னேன். எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக வரைவதால் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். உடனே கம்பிக்கு மஞ்சள் அடித்துவிட்டாள்.

மார்ச் 11

நாலாவது கவர். அப்படியே எழுதி வைக்கிறேன்: "உங்க ஆளு தோளக் குத்தி விழறான். நெசத்துல யாரும் அப்படி விழ மாட்டாங்க. கைய ஊனுவாங்க, மணிக்கட்டுதான் போகும். வாரத்துக்கு மூணு மணிக்கட்டு பாக்குறேன்."

புள்ளியம்மா அதைப் படித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள். தரையில் கையை ஊன்றி விழுந்தே பார்த்தாள்! "அண்ணி சொல்றதுதான் சரிண்ணா." அரை நாளில் எட்டுப் படம் புதிதாக வரைந்தாள். இப்போது அவன் விழுந்தால் எனக்கே 'ஐயோ' என்று வருகிறது.

சாப்பிடும்போது சொன்னேன். முகம் மலர்ந்துபோயிற்று அவளுக்கு. யார் யார் எப்படி எப்படி விழுந்தார்கள் என்று ஆரம்பித்தாள்: ஏணியிலிருந்து விழுந்தவர், செருப்பு தடுக்கி விழுந்தவர், ஒன்றுமே தடுக்காமல் விழுந்த ஒரு வக்கீல். கை காய்ந்துபோகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13

இன்று கவர் இல்லை. நின்றுகொண்டே போனாளாம். எனக்கு ஏன் ஏமாற்றமாக இருக்கிறது?

மார்ச் 19

சண்டை.

மெஷின் உறைந்துபோனதாம். காலையில் கேமில் அவன் குதித்துக் காற்றில் இருக்கும்போது ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்துவிட்டது, பட்டென்று மூடிப் பைக்குள் போட்டாளாம். ஏழு மணி நேரம் கழித்துத் திரும்பும் பஸ்ஸில் திறந்தால் அப்படியே நிற்கிறானாம்.

"குதிக்கிறப்ப யாராவது மூடுவாங்களா? அவன் எறங்கின பிறகு மூடு" என்றேன்.

"அவன் எறங்குற வரைக்கும் டிரைவர் பஸ்ஸ நிறுத்தி வெப்பாரா?"

"ஒழுங்கா ஆடத் தெரியலன்னு சொல்லு." — சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் இருக்கிறதே! அவள் மெஷினை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 20

முட்டாள். நான்தான்.

ஆபீசில் எங்கள் மெஷின்கள் எல்லாம் கம்ப்யூட்டரோடு ஒயரில் கட்டிக் கிடக்கின்றன. ஒயர் மூடியின் இடுக்கு வழியாகத்தான் போகிறது, மூடவே முடியாது. ஒன்றரை வருஷமாக நாலு பேரில் ஒருத்தர்கூட ஒரு தடவைகூட மூடிப் பார்த்ததில்லை! இன்று ஒயரைக் கழற்றி, குதிக்கவிட்டு, மூடி, மத்தியானம் திறந்தேன். உறைந்து நிற்கிறான். பெரியவர்கள் சொன்ன 'எங்கேயோ' இதுதான்.

மூடியதும் படம் நிற்கிறது, சத்தம் நிற்கிறது, புரோகிராமில் நான் எழுதிய கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. திறந்ததும் 'இத்தனை மணி நேரம் காற்றில் இருந்தான்' என்று கணக்குப் போட்டு, அத்தனை பாயிண்டை எழுத இடமில்லாமல் திணறுகிறது. டிவிக்கு மூடியா இருக்கிறது? தெருவை எல்லாம் சுருக்கிக்கொண்டு வந்தவனுக்கு, விளையாடுகிற ஆள் நடுவில் இறங்கிப் போவாள் என்று தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பதறிப்போனாள். "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ சொன்னது சரி. நேத்து நான் பேசினது தப்பு."

"இதச் சொல்லவா போன் பண்ணீங்க?"

மார்ச் 23

கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். மூடியைத் திறந்ததும் மூன்று, இரண்டு, ஒன்று என்று காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவன் பறக்க வேண்டும். ஆனால் கேமை ஏற்றி விற்கிற அந்தச் சின்னக் கார்டில் அதற்கு இடம் இல்லை. எள் போட்டால் எள் விழாது. எதையாவது எடுத்தாக வேண்டும்.

சிமெண்டில் ஓடும்போது ஒரு சத்தம், ஓடு பதித்த தரையில் ஓடும்போது வேறு சத்தம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தேன். அதில் ஒன்றை எடுத்துவிட்டேன். எடுக்கும் முன் அதைக் கடைசியாகப் பத்துத் தடவை போட்டுக் கேட்டேன். புள்ளியம்மா வந்து, "யாருக்கும் தெரியாதுண்ணா" என்றாள். ஆறுதலாம்!

மார்ச் 27

அனுப்பியாயிற்று. நேற்று அவள் போகவும் வரவுமாகப் பதினேழு தடவை மூடித் திறந்தாளாம். பக்கத்து சீட்டு அம்மா, "மெஷின் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டாராம்.

ஏப்ரல் 2

பதில் இல்லை.

ஏப்ரல் 9

தேறிவிட்டோம்! முதலாளி கடிதத்தை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். அடுத்த கேமும் எங்களுக்குத்தானாம். வெளியூர் இல்லை. எங்கேயும் போக வேண்டாம். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் என் தலையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. எனக்கும்தான்.

மே 3

அடுத்த கேமுக்காக மூன்று வாரமாக இருட்டிய பிறகுதான் வீடு. இன்று ஃப்ரிட்ஜ் மேலே அந்த மெஷினைப் பார்த்தேன். பேட்டரி செத்து, தூசி படிந்து கிடக்கிறது.

"ஏன் ஆடறதில்ல? கேம் பிடிக்கலையா?"

"கேம் எனக்கு எப்பங்க பிடிச்சுது?" என்றாள். துணி மடித்துக்கொண்டே, கோபமே இல்லாமல். "கவர்ல எழுதிக் குடுத்தா நீங்க படிச்சீங்க. அதப் பத்திக் கேட்டீங்க. போன்கூடப் பண்ணீங்க. நீங்க இந்த ஊர்லதான் இருக்கீங்கன்னு எனக்கு அந்த மூணு வாரம்தான் தெரிஞ்சுது."

வெளியூர் போகக் கூடாது என்று அப்படி அடித்துக்கொண்டேனே. யாருக்காக? துணி மடிக்க உட்கார்ந்தேன். எனக்கு அதுவும் ஒழுங்காக வரவில்லை. அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

மே 6

ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு அவளோடு பஸ்ஸில் போனேன். மெஷின் எடுக்கவில்லை. முதல் இரண்டு நிறுத்தம் என்ன பேசுவதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம், "அந்த வக்கீலுக்குக் கை சரியாயிடுச்சா?" என்று கேட்டேன். கட்டுப் பிரித்த அன்றே மறுபடி விழுந்துவிட்டாராம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய் நாலு நிறுத்தம் ஆகிவிட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை.