அவர் பக்கத்து வளையம்

ஜூலை 7, திங்கள்

மணி நாலரை. கை தானாகப் போனை எடுத்துப் பார்த்தது. எப்படி அடிக்கும்? அடிக்கிற ஆள்தான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாரே! சவுதி தம்மாமில் மதியச் சாப்பாட்டு இடைவேளை நமக்கு நாலரை. இருபத்து மூன்று வருஷமாக அந்த நேரத்தில்தான் இவர் எனக்குப் புருஷன். மற்ற நேரமெல்லாம் நானே ராஜா, நானே மந்திரி.

பக்ரீத் முடிந்து ஒரேயடியாக வந்துவிட்டார். வந்ததிலிருந்து வீட்டைச் சரிபண்ணுகிறார். இன்று அடுப்படி. டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவிட்டார். அரை மணி நேரம் சீனியைத் தேடினேன். இது வீடா, கம்பெனி ஸ்டோரா?

அவர் அசந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

"ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார். கடையில் கேட்பது மாதிரி. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 16, புதன்

பின்தெரு ஆரோக்கிய ஷீலா டீச்சர் வந்திருந்தார். விளையாட்டு ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். சும்மா இருக்க முடியவில்லையாம். பக்கத்து மைதானத்தில் காலையில் நாற்பது தாண்டியவர்களைச் சேர்த்து, வாரத்துக்கு ஒரு விளையாட்டு என்று ஆரம்பித்திருக்கிறார். "அண்ணனை அனுப்புங்க பானு. சவுதியில இருந்து வந்தவுக, சும்மா இருந்தா உடம்பு கெட்டுப் போகும்" என்றார்.

காலையில் ஒரு மணி நேரம் அடுப்படி என் கைக்கு வருமே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீயும் வந்தா போவேன்."

நல்லா மாட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

முதல் நாள். பூப்பந்து. சுடிதாரும் தலையில் துப்பட்டாவுமாக எப்படி ஓடுவது என்று ஓரமாக நின்றேன். ஷீலா டீச்சர் தன் பையிலிருந்து நாலு ஊக்கை எடுத்து அவரே குத்திவிட்டார். "இனி புயலடிச்சாலும் நகராது, வாங்க."

இவர் கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் இரும்பு வைத்தது! தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன லட்சுமணன், "பாய், பந்தாட வந்தீகளா, பாலம் கட்ட வந்தீகளா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் போனில் கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஜூலை 22, செவ்வாய்

தோள்பட்டை தூக்க முடியவில்லை. சோற்றுப் பானையை இறக்கும்போது "யா அல்லாஹ்" என்று கத்திவிட்டேன். இவர் பெட்டியிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேய்த்து விடவா என்று கேட்டிருக்கலாம். தேய்த்து விடுங்கள் என்று நானும் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று வளையப்பந்து! பள்ளிக்கூடத்தில் ரிங் என்போம். வலைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நின்று ரப்பர் வளையத்தை ஒரு கையால் பிடித்து, பிடித்த கையோடு திருப்பி எறிய வேண்டும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியபோது விட்டது. ஆனால் கைக்கு மறக்கவில்லை. முதல் வளையம் வந்ததும் கை தானாகப் போய்ப் பிடித்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்! லட்சுமணனை வலைக்கும் பின்கோட்டுக்குமாக ஓடவிட்டேன், பாவம்.

இவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், "இம்புட்டு நல்லா ஆடுவேன்னு ஒருநாள்கூடச் சொல்லலையே பானு" என்றார்.

எப்போது சொல்ல? பத்து நிமிஷப் போனில் மகள் அஜீஸாவின் படிப்பு, மாமியாரின் சர்க்கரை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக, நான் ரிங் ஆடியதையா சொல்வேன்? லீவில் வந்தாலும் விருந்துக்கும் விருந்தாளிக்குமே நாள் போதாது.

ஆனால் கேட்டாரே. சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எல்லாரும் கேட்டதால் மறுபடி வளையப்பந்துதான், இரட்டையர் ஆட்டம். எங்கள் இருவரையும் ஒரு பக்கம் நிறுத்தினார்கள். எல்லா வளையத்தையும் நானே பிடித்தேன். என் பக்கம் வந்தது, அவர் பக்கம் வந்தது, எல்லாம். ஷீலா டீச்சர் விசிலை ஊதி ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

"பானு, அண்ணன் பக்கம் உங்களுக்கு என்ன வேலை? அண்ணே, நீங்க என்ன வேடிக்கை பார்க்க வந்தீகளா?"

இவர் கோட்டோரமாக ஒதுங்கி, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். "அவ பார்த்துக்கிடுவா டீச்சர், எப்பவும் அப்படித்தான்" என்றார்.

புகழ்ந்தாரா, குறை சொன்னாரா? தெரியவில்லை. பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மணி நாலரைக்குப் போன் அடித்தது. அவர் பெயர்! ஹாலில் ஆளில்லை. மொட்டைமாடியில் இருந்து கூப்பிடுகிறார். சிரிப்பு வந்தது. எடுத்தேன். என்னமோ போனில் பேச்சு தடையில்லாமல் வந்தது, பழையபடி. ஜும்மா தொழுகையில் யாரைப் பார்த்தார், குன்றக்குடிப் பக்கம் நல்ல மழையாமே, எல்லாம் பேசினோம்.

கடைசியில் சொன்னார். "பழைய கம்பெனியில கூப்பிடுறாக. ரெண்டு வருஷம். போகவா பானு?"

"உங்க இஷ்டம்ங்க. அல்லாஹ் காவல்" என்றேன்.

சரி என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

பெட்டியைக் கட்டுகிறார். கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, நாலு பக்கமும் மார்க்கரில் பேர் எழுதி, பழக்கமான வேலை. இருபத்தொன்றாம் தேதி திருச்சியில் பிளைட். டிக்கெட் வந்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

என்னத்துக்கு அப்படிச் சொன்னேன்? வாயி ஏன் அப்படிப் போச்சு? போனுன்னாலே அந்த ஒரு பேச்சுத்தானா எனக்குத் தெரியும்? அவர் ஊரை விட்டுப் போற பேச்சு எடுத்தா நான் இதத்தான் சொல்லுவேன்— சொல்லிச் சொல்லியே பழகிருச்சே— ஐயோ, அவர் கேட்டது அனுமதி இல்ல. கேள்வி. என்னைக் கேட்டாரு!

செப்டம்பர் 7, ஞாயிறு

மைதானத்துக்குப் போனோம். பேசிக்கொள்ளாமல்தான். ஆட்டத்தில் வளையம் எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது. திட்டு வாங்கிய நினைப்பில் நான் விட்டேன். அவரும் விட்டார். நடுவில் பொத்தென்று விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஷீலா டீச்சர்கூட விசில் ஊதவில்லை.

சாயந்திரம் அஜீஸாவிடம் போனில் சொன்னேன். "அத்தாகிட்ட நேராச் சொல்லுங்கம்மா, போக வேணாம்னு. அவ்வளவுதானே" என்றாள். கட்டிக்கொடுத்து நாலு வருஷமாகிறது, புருஷனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு அவ்வளவுதான்.

எனக்கு அப்படியா? முதல் தடவை இவர் கிளம்பியபோது மாமி என்னை உள்ளே இழுத்துப்போய்ச் சொன்னார்: "பிரயாணம் போறவுகளை மறிக்கக் கூடாது, கண்ணு கலங்கக் கூடாது. அல்லாஹ் காவல்னு சொல்லி அனுப்பு." அன்றிலிருந்து அப்படியே. தெருவில் மற்ற பெண்களுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பானுவைப் பாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பாளா?

எனக்கு அவர் வேணும். டப்பாவை இடம் மாற்றினாலும் வேணும். எழுத முடிகிறது. சொல்லத்தான் முடியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

சொல்லிவிட்டேன்.

நாலரைக்கு மாடியிலிருந்து போன். எடுக்கவில்லை. கட் பண்ணினேன். இத்தனை வருஷத்தில் அவர் போனை நான் கட் பண்ணியதே இல்லை. மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினேன். அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பானு, லைன் கட் ஆயிருச்சு..."

"போகாதீக."

மூச்சு வாங்கியதால் மெதுவாகத்தான் வந்தது. கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவர் முகம் என்னவோ போல ஆகிவிட்டது. "ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, ஒரு தடவையாச்சும் சொல்லுவியான்னு பார்ப்பேன்" என்றார். "இந்தத் தடவையும் சொல்லலை. சரி, நான் இல்லாமத்தான் உனக்குச் சௌகரியம்னு..."

"சௌகரியந்தான். அதுக்காகப் போயிருவீகளா?" என்றேன். அழுதேன். நல்லா அழுதேன்.

பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். பெட்டி கட்டியபடியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெட்டி அங்கேயேதான். நானும் மறுபடி கேட்கவில்லை. ஒரு தடவை சொன்னதே என் சக்திக்கு மேல்.

இன்று மைதானத்தில் அவர் பக்கம் வந்ததை அவருக்கே விட்டேன். பாதியைத் தவறவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம்!

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் மூலையில் பெட்டி இல்லை. பஜ்ரு தொழுகைக்குப் போனவர் திரும்பவில்லை. சொல்லாமல் போகிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும், ஊக்குகூடக் குத்தாமல் மைதானத்துக்கு ஓடினேன்.

பெட்டி அங்கே, கோட்டோரத்தில் திறந்து கிடந்தது. உள்ளே வலை, வளையங்கள், பூப்பந்து மட்டைகள், ஷீலா டீச்சரின் விசில்வரை. இதுநாள்வரை ஓட்டைச் சாக்கில் கிடந்து மழையில் நனைந்த சாமான்கள், இப்போது உயரவாரியாக அடுக்கியிருந்தன. மூடிமேல் தம்மாம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே எங்கள் தெருப் பெயரை எழுதியிருந்தார்.

"வேணாம்னு போன வாரமே கம்பெனிக்குச் சொல்லிட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"என்கிட்ட?"

"மறுபடி ஒரு தடவை சொல்லுவியான்னு பார்த்தேன்."

அடிக்கக் கை ஓங்கினேன், மைதானம் என்பதால் இறக்கினேன். ஷீலா டீச்சர் அடுத்த மாதம் சாக்கோட்டையில் நடக்கும் வளையப்பந்துப் போட்டிக்குப் பேர் கேட்டார். "அபூபக்கர், பர்வீன் பானு" என்று இவரே முந்திக்கொண்டு சொன்னார்.

இன்றைய ஆட்டத்தில் தோற்றோம். கடைசி வளையம் நடுவில்தான் வந்தது. "எனக்கு!" என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டு பாய்ந்து, மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டோம். நெற்றி வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்து விடுங்கள் என்றேன். தேய்த்தார்.

மணி நாலரை ஆனதைக் கவனிக்கவில்லை. அடுப்படியில் அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் சேர்த்து. சீனி டப்பா எங்கே என்று கேட்டார்.

"நீங்க வச்ச இடத்துலதான் இருக்கு" என்றேன். நேற்றுத்தான் எல்லாவற்றையும் அவர் அடுக்கியது போலவே மாற்றி வைத்திருந்தேன்.