ரான் இல்லாத பக்கம்

சிவகாசி அச்சகத்திலிருந்து வந்த தாள்களைப் பிரித்ததும் மையின் வாசனை அடித்தது. உன் புத்தகத்தின் மறுபதிப்பு. நம் கல்லூரிப் பிள்ளைகளுக்காக நாம் இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கி, நீ மட்டும் முடித்த செல் உயிரியல். பிழை பார்த்துத் தரச் சொல்லி உன் மனைவி அனுப்பியிருக்கிறார். நாம் சண்டை போட்ட அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

செல்லின் உட்கருவுக்குள் புரதங்கள் எப்படிப் போகின்றன என்ற பாடம். அதற்கு நீ பிடித்த உதாரணம், மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகும் ராஜபாளையத்து வேன். உள்ளே போகவேண்டிய புரதத்தில் ஓர் அடையாளம் இருக்கும், மில் பிள்ளைகளின் கழுத்து அட்டை மாதிரி. இம்போர்ட்டின் என்ற சுமக்கும் புரதம் அதைப் பார்த்து ஏற்றிக்கொண்டு, உட்கரு உறையின் துளை வழியே நுழையும். கேட் தாண்டியதும் ஆளை இறக்கிவிட்டு வேன் வெறுமனே திரும்பும். வகுப்பே சிரித்துக்கொண்டு கேட்கும். என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை.

ஆனால் வேன் ஏன் உள்ளே போய்த்தான் இறக்குகிறது? உட்கருவுக்குள், ஜிடிபி (GTP) மூலக்கூறைச் சுமந்தபடி இருக்கும் ரான் என்ற சின்னப் புரதம் வந்து ஒட்டினால்தான் இம்போர்ட்டின் பிடியை விடும். அந்த ரானை வெட்டிவிட்டு, 'உள்ளே போனதும் சரக்கு தானாக இறங்கிவிடும்' என்று எழுதினாய். ஆசிரியர் அறையில் வைத்துக் கேட்டேன்.

"ஏலே, கூமாப்பட்டியில இருந்து பிள்ளைக பஸ் மாறி பஸ் மாறி வருதுக. அதுகளுக்கு எதுக்குலே ரானும் கீனும்?" என்றாய்.

"தானா எதுவும் இறங்காதுப்பா. தப்பு."

"மனசுல இருக்கதை ஒருநாளும் கீழ இறக்காத பய நீ. நீ எனக்கு இறக்குறதைச் சொல்லித்தாரியாக்கும்!"

அறையே சிரித்தது. என் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டாய். அந்தச் சிரிப்பைக்கூட மறந்திருப்பேன், இது ஆறவில்லை. ஒரு தடவை வேண்டாம்லே என்று சொல்லியிருக்கலாம்.

பிறகு நீ உன் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வேலை மாற்றிக்கொண்டு போனாய். பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர். நீயும் வரவில்லை, நானும் வரவில்லை. உனக்கு உடம்பு முடியாமல் இருந்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேறு வேலையாக அந்த வழி வந்தபோது உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் சுவரில், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் உன்னைப் பார்த்தேன். படத்திலும் அதே நக்கல் சிரிப்பு.

நேற்று உன் மனைவி போனில் சொன்னார்: "அவிய படுத்திருக்கும்போதே சொன்னாவண்ணே. மறுபடி அடிச்சா அவன்ட்ட குடு, தப்பு இருந்தா அவன் ஒருத்தன்தான் விடமாட்டான்னு."

அவரிடம் சொன்னாய். என்னிடம் சொல்ல உனக்கு என்ன கேடு வந்தது? ஒரு போன் செய்திருந்தால் அன்றைக்கே வந்து கட்டிலருகே உட்கார்ந்து சண்டை போட்டிருப்பேனே.

'தானாக' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தேன். ரானுக்கு இரண்டு வரி போதுமாயிருந்தது. நாம் பேசாமல் இருந்த வருடங்களெல்லாம் இந்த இரண்டு வரிக்குத்தான். உன் வேனைத் தொடவில்லை. அது நன்றாகத்தான் ஓடுகிறது. பேனாவை மூடினேன். நான் ஜெயித்த பக்கம் எதிரில் கிடந்தது. சொல்ல ஆளில்லை.

உன்மேல் உள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அது என்னோடுதான் இருக்கும். ஆனால் நீ எதிரே உட்கார்ந்து, "எடுத்துருலே, பிள்ளைகளுக்குப் புரியாது" என்று ஒரு வார்த்தை சொல்வதாக இருந்தால், அந்த இரண்டு வரியையும் நானே அடித்துவிடுவேன்.