மயில் கோலமும் இரண்டு வேக்குவமும்

தீபாவளிக்கு முதல் நாள், இரவு.

மணிக்கட்டு விண் விண்ணென்று தெறிக்கிறது. இருந்தும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

இந்தக் கைக்காகத்தான் தூசி உறிஞ்ச எடை குறைந்த வேக்குவம் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு மாதமாக போனில் மாடல் மாடலாக ஒப்பிட்டுவிட்டு நேற்று ஒன்றை வாங்கி வந்தார். இன்று மாலை பாயான் பாருவிலிருந்து என் தம்பியும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மச்சான், என்னோடதுதான் லைட்டு. இழுவையும் ஜாஸ்தி."

"சும்மா அளக்காத லா. டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும், ஹாலைச் சுத்தம் செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். வெளியே வந்து பார்த்தால், மதியம் முழுக்கக் குனிந்து நான் வாசலில் போட்ட மயில் கோலத்தில் ஆளுக்குப் பாதி இழுத்து முடித்திருந்தார்கள்.

"பாத்தியாக்கா? ஒரே இழுப்பு!"

"ஹால் தூசியில வித்தியாசம் தெரியல. கலர் மாவுலதான் நல்லா தெரியுது" என்றார் இவர். "திரும்பப் போட்டுக்கலாம் லா."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய்விட்டேன்.

தம்பி போனான், இவர் படுத்தார். புது வேக்குவத்தை எடுத்தேன். உண்மையிலேயே லேசுதான். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்துவிட்டது. சார்ஜ் முழுவதும் என் மயிலுக்கே செலவாகிவிட்டது.

துடைப்பத்தால் ஹாலைப் பெருக்கிவிட்டு மறுபடியும் கோலத்துக்கு உட்கார்ந்தேன். மயில் வந்தது, தோகைக்குக் கை வரவில்லை. நாளை வருகிறவர்கள் தோகை எங்கே என்று கேட்டால், இவர் வேக்குவத்தின் தூசி டப்பாவைத் திறந்து காட்டட்டும்.