மடத்துச் சுழல்பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு நுன்ட்சியா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் பழுதுபார்க்கும் பெனடிக்ட் சபை மடத்தில் கன்னியர் போய்ப் பட்டாளம் வந்தது, பட்டாளம் போய்ப் பள்ளிக்கூடம் வந்தது. கன்னியர் முகம் காட்டாமல் ரொட்டி வாங்கிய மரச் சுழல்பெட்டி மட்டும் வாசல் சுவருக்குள் அப்படியே இருக்கிறது. சுத்தம் செய்ய அந்தப் பெட்டிக்குள் புகுந்தேன். அது பாதி சுழன்று இறுகிக்கொண்டது, நான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

"ரம்பத்தைக் கொண்டாங்கடா!" என்றார் மேஸ்திரி குவால்தியேரோ.

"நானூறு வருஷத்துப் பெட்டி! தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!" என்று உள்ளிருந்து கத்தினேன்.

"மடத்துக்குள்ள போனவ இப்படிக் கத்தக் கூடாதும்மா!" என்றார் மேஸ்திரி.

கடைசியில் நீ கொடுத்தனுப்பிய ஆலிவ் எண்ணெயை முழுக்க அச்சில் ஊற்றித் திருப்பினார்கள். பெட்டிக்கும் கீறல் இல்லை, எனக்கும் இல்லை.

இன்னொரு புட்டி எண்ணெய் வேண்டும். தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும், நீயே கொண்டு வா. ரயிலில் உட்கார்ந்துதானே வரப்போகிறாய், முழங்காலுக்கு என்ன வேலை?

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

நுன்ட்சியா