பதின்மூன்றாவது கம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர மற்றவையெல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. உன் நலத்தை அம்மா ஃபோனில் கேட்கும்போது நானும் பக்கத்து அறையில் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படித்தபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று வருடமாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. பறவையை வேடிக்கை பார்ப்பதெல்லாம் ஒரு படிப்பா, அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டுமா என்று நீ பெட்டியோடு வாசலில் நின்றபோது கேட்டேனே, அதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் இந்த ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பார்கள்.

என்னிடம் வேலை பழகிய நெட்டையனை உனக்கு நினைவிருக்கும், ஒரு கோடு கோணலாகப் போனதற்காக முழு அளவைப் படத்தையும் மறுபடி வரையவைத்தேனே, அவன்தான். இப்போது ஏரிகளுக்கெல்லாம் பொறுப்பான என்ஜினியர். கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போதே ஏரியின் மேற்குக் கோடியில் இருக்கும் நாணல் புதரை வெட்டித் தூர்வாரப் போவதாகவும், சேற்றில் இறங்கி எல்லை அளக்க இப்போது இருப்பவர்கள் யாரும் துணியவில்லை என்றும் சொல்லி என்னைக் கூப்பிட்டான். ரிட்டயர் ஆனவனைக் கூப்பிட ஒரு வேலை இருக்கிறதே என்று நிலம் அளக்கும் என் பழைய லெவல் கருவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், நீ சின்ன வயதில் அதன் வழியாகப் பார்த்துவிட்டு அம்மா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு துணி காயப்போடுகிறாள் என்று சிரித்து உருண்டாயே, அதே கருவிதான். புதிய கருவிகளில் எல்லாம் நேராகத் தெரிகிறதாம். முப்பத்து நான்கு வருடம் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்தவனுக்கு அது சரிப்பட்டு வரவில்லை.

முதல் நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் கரையில் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் கருவியைப் பொருத்திக் கண்ணை வைத்தேன். பாப்பா, இத்தனை வருடம் அந்தக் கண்ணாடி வழியாக நான் எண்களையும் கம்புகளையும் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் மேலே இருந்தது, வானம் கீழே கிடந்தது, நாரைகள் வீட்டுக் கூரையில் கொக்கி மாட்டியதுபோல வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு மீன்கொத்தி கீழேயிருந்து மேலே விழுந்து மீனோடு இறங்கி வந்தது. முக்குளிப்பான் ஒன்று மூழ்கியது, எங்கே எழும் என்று நான் பார்த்த இடத்தில் அது எழவே இல்லை, ஐந்து முறையும் என்னை ஏமாற்றியது. அளவை மறந்து ஒரு மணி நேரம் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஏன் என்று கேட்காதே. பிறகு வீட்டில் உன் பறவைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு பறவையும் பிடிபடவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிய பிறகுதான் ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

மறுநாள் முதல் அவளும் பிளாஸ்க்கோடு வர ஆரம்பித்தாள், நீ அலமாரியில் விட்டுப்போன பைனாகுலர் இப்போது அவள் கழுத்தில்தான் இருக்கிறது. நான் ஏரியைப் பார்ப்பேன், அவள் கரைக்குப் பின்னால் இருக்கும் தோப்பைப் பார்ப்பாள். ஒருநாள் வேகமாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள், போனால் உச்சிக் கிளையில் ஒரு மாங்குயில், அந்த மஞ்சளை என்னால் உனக்கு எழுத்தில் காட்ட முடியாது. அது பறக்கும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. உன் அம்மா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததும் அதுவே முதல் முறை. ஆனாலும் அன்று வீடு திரும்பும்போது, நீங்க அளக்கப் போறீங்களா, அந்தப் புதரையே இல்லாம பண்ணப் போறீங்களா என்று கேட்டாள். என் வேலை அளப்பது, வெட்டுவது அவன் வேலை என்று வாயை அடைத்துவிட்டேன்.

இனிதான் விஷயமே. வெட்ட வேண்டிய எல்லை நெடுக நாணலுக்குள் பன்னிரண்டு மூங்கில் கம்புகளை நட்டேன். கரையேறி வந்து கருவியில் எண்ணினால் பதின்மூன்று. மறுபடி எண்ணினேன், பதின்மூன்றுதான். கருவியில் கம்பின் மேல்நுனி கீழே தொங்குமல்லவா, மற்றவை மொட்டையாகத் தொங்க ஒன்று மட்டும் கூராகத் தொங்கியது. நட்ட கைக்குத்தான் மறதி, கருவி பொய் சொல்லாது, கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு கம்பைத் தலைகீழாக நட்டுத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வயதாகிவிட்டது என்று நெட்டையன் நினைப்பானே என்ற கூச்சம். படத்தில் பதின்மூன்று புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கம்பைத் திருப்பி நடுவதற்காக மறுநாள் காலையில் சேற்றில் இறங்கினேன். ஒரு செருப்பு போய்விட்டது, அம்மாவிடம் இரண்டும் பத்திரம் என்று சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக் கொடுக்காதே.

ஏழாம் கம்பைத் தாண்டியதும் அது தெரிந்தது. அப்போது காற்று அடித்தது, நாணல் ஆடியது, அந்தக் கம்பும் கூடவே ஆடியது. நான் நட்ட கம்பு காற்றுக்கு ஆடாது, பாப்பா. நின்றுவிட்டேன். கம்பின் நடுவிலிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் என்னைப் பார்த்தன. அலகை வானத்துக்கு நீட்டி, கழுத்துக் கோடுகளை நாணலோடு நாணலாக நிறுத்தி, கொக்கு ஜாதியில் ஒரு குருகு. அதன் காலடியில் மடித்துப்போட்ட நாணல் மேல் நான்கு குஞ்சுகள், உடம்பெல்லாம் பஞ்சு, அந்த நான்கும் தாயைப் பார்த்து அலகைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நின்றன. நாங்களும் நாணல்தான், போய்விடு என்று சொன்னதுபோல இருந்தது. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு நான் கை கூப்பினேன். யாரையும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

திங்கட்கிழமை மண் அள்ளும் இயந்திரம் வருவதாக இருந்தது. நேராக நெட்டையனின் ஆபீசுக்கு ஒற்றைச் செருப்போடு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், பறவைக்காக வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல சார், ஆனா படம் தப்புன்னு அளந்தவரே கைப்பட எழுதிக் கொடுத்தா மறுபடி அளக்கிற வரைக்கும் ஒரு புல்லைக்கூடத் தொட முடியாது என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தான். என் படம் தப்பு என்று நான் எழுதியதே இல்லை என்பது அவனுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பேனாவைத் திறந்து மூடித் திறந்து கால்மணி நேரம் ஆகிவிட்டது. பிறகு எழுதினேன். நட்டது பன்னிரண்டு, நான் பதின்மூன்று என்று காட்டியது தவறு, நான் பார்த்ததை இன்னதென்று அறியாமல் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறு அளவைக்கு எத்தனை நாள் வேணும் சார் என்று கேட்டான். உண்மையில் அது ஒரே காலையில் முடிகிற வேலை. நாற்பது நாள் என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டான். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும் என்று உன் புத்தகம் சொல்கிறது. அதற்குப் பிறகும் அந்தப் புதரை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தூர்வார முடியுமா என்று யோசிக்கிறேன் சார் என்று வாசல்வரை வந்து சொன்னான்.

அந்தத் தாளை எழுதிய பேனாவால்தான் இதையும் எழுதுகிறேன். வாசலில் நீ பெட்டியோடு நின்ற அன்று நான் போட்ட அளவும் தவறு, பாப்பா. அன்றும் பார்த்ததை இன்னதென்று அறியாமல்தான் பார்த்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், எந்தச் சேற்றில் இறங்கினாலும் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கு. நீ நல்ல கண்ணோடும் நல்ல காலோடும் நூறு வருடம் நடக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசி. நாற்பதில் ஆறு நாள் போய்விட்டது. மறு அளவைக்கு முக்காலியைப் பிடிக்க ஆள் இல்லை, நீ வந்தால் கம்புகளை நாம் சேர்ந்து எண்ணுவோம்.

இப்படிக்கு,
தவறாக அளந்தவன்,
உன் அப்பா.